ஜினா கூட்டிப்போன கோயில்

புண்ணியமூர்த்திக்கு நடக்கப் பிடிக்காது. பிரெஞ்சுத் தலைநகருக்கு வெளியே உள்ள சார்செல்லிலிருந்து ஆர்.இ.ஆர். ரயிலில் வந்து கார் து நோர் நிலையத்தில் இறங்கினால், அவர் சமையல் செய்யும் லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக் கடைக்குப் பேசிக்கொண்டே நடந்து போய்விடலாம். அவர் பஸ்ஸுக்கு நிற்பார். மழையானாலும் வெயிலானாலும் நிற்பார். கடைப் பெடியன்கள் கேலி செய்தால் ஒரே பதில்தான் வரும்.

"ஒரு ஆயுளுக்கு நடக்க வேண்டியதை நான் நடந்து முடிச்சிட்டன்."

அது வெறும் பகிடி இல்லை. 2009 தொடக்கத்தில், வன்னியில் போர் நடந்தபோது, அவரும் மனைவி சுஜாந்தியும் தருமபுரத்திலிருந்து புதுக்குடியிருப்புக்கும், அங்கிருந்து கடற்கரைக்கும் மூட்டை முடிச்சோடு நடந்தவர்கள். அடுத்த வருடம் பிரான்ஸ் வந்து சேர்ந்தார்கள். அகதி அட்டை கிடைத்தது, வேலை கிடைத்தது, பதினோராம் மாடியில் ஒரு வீடும் கிடைத்தது. இனி நடை எதற்கு என்பது அவருடைய கட்சி.

அவரை நடக்க வைத்தது மரி-லூயிஸ் அம்மா. புதுச்சேரிக்காரர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெள்ளிக்கிழமை தவறாமல் கடைக்கு மீன் குழம்பு சாப்பிட வருபவர். ஒவ்வொரு ஜூன் மாதமும் தன் பங்குக் கோயில் ஆட்கள் ஒரு பஸ் நிறையப் பேரைக் கூட்டிக்கொண்டு எங்காவது யாத்திரை போவார். 2014இல் இத்தாலியின் உம்பிரியா மலைகளில் காஸ்தெல்ஃபியோரா என்றொரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்திருந்தார். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது அவர்களுடைய சமையல்காரருக்குக் கை முறிந்துவிட்டது.

"மூர்த்தி தம்பி, நீங்கதான் வரணும். அங்க கன்னியாஸ்திரிங்க மடத்துல பெரிய குசினி இருக்கு. சமைச்சுப் போட்டா போதும்."

"நான் சைவக்காரன் அம்மா."

"உங்க சாம்பாருக்கு மதம் கிடையாது தம்பி."

"நடக்கிறதெண்டா எனக்கு ஏலாது."

"நடக்கிறது நாங்க. நீங்க குசினியிலேயே இருங்க."

வீட்டில் சொன்னபோது சுஜாந்தி சட்டென்று முடிவு செய்துவிட்டாள். "போட்டு வாங்கோ. பயணப் புத்தகம் எடுத்து வச்சு ரெண்டு வரியமாகுது. ஒரு முத்திரையும் விழேல்லை."

பிரான்ஸிலிருந்து இத்தாலிக்குள் போகப் பயணப் புத்தகத்தில் முத்திரை குத்தமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியாது.

காஸ்தெல்ஃபியோரா ஒரு குன்றின் முதுகில் உட்கார்ந்திருந்தது. கல் வீடுகள், கல் படிகள், ஊருக்கு நடுவில் மணிக்கோபுரம். முதல் இரண்டு நாளும் யாத்திரிகர்கள் பழைய மடாலயங்களைப் பார்த்து வந்தார்கள். புண்ணியமூர்த்தி குசினி ஜன்னல் வழியாக ஒலிவ மரங்களைப் பார்த்தபடி வெங்காயம் வெட்டினார். மடத்துக் காவலாளி பியெத்ரோ இளமையில் லியோனில் கட்டட வேலை செய்தவர். அவருடைய பிரெஞ்சும் இவருடைய பிரெஞ்சும் ஒரே அளவில் உடைந்திருந்ததால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

மூன்றாம் நாள் எல்லாரும் மலை உச்சிக்கு அருகில் உள்ள குகைக் கோயிலுக்குக் காட்டுப்பாதையில் ஏறிப் போனார்கள். முன்னொரு காலத்தில் ஒரு துறவி அங்கே தனியாக வாழ்ந்தாராம். மதியச் சாப்பாட்டைப் பியெத்ரோவும் புண்ணியமூர்த்தியும் வண்டிப்பாதை வழியாக வேனில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு. புளிச்சாதம், உருளைக்கிழங்குப் பிரட்டல், ஒரு பெரிய பெட்டி நிறையக் கடலை வடை. ஆனால் பாதி வழியில் முந்தைய இரவு மழையில் சாய்ந்த ஒரு ஓக் மரம் பாதையை மறித்துக் கிடந்தது.

பியெத்ரோ இறங்கிப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஒரு தோட்டத்துக்குள் போய்த் தன்னுடைய கோவேறு கழுதையோடு திரும்பி வந்தார். அதன் பெயர் ஜினா. பானைகளையும் பெட்டியையும் அதன் முதுகில் இருபுறமும் கட்டினார்.

"எனக்கு முழங்கால் சரியில்லை. நான் மரம் வெட்ட ஆள் தேடுகிறேன். நீ ஜினாவோடு போ. மரங்களில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருக்கும். ஜினாவுக்கு வழி தெரியும்."

புண்ணியமூர்த்தி காட்டைப் பார்த்தார், வடைப்பெட்டியைப் பார்த்தார். மேலே பசியோடு இருக்கும் மரி-லூயிஸ் அம்மாவை நினைத்தார். கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் தான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பதை அவர் கவனித்தார். வன்னியில் ஒட்டிக்கொண்ட பழக்கம். பின்னால் என்ன வருகிறது, யார் விழுந்தார்கள் என்று பார்த்துப் பார்த்தே நடந்தவர். இங்கே பின்னால் மரங்கள் மட்டும்தான் நின்றன. இலைகளுக்குள்ளால் விழுந்த வெயில் பாதையில் அசைந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு குயில் கூவியது, ஊர்க்குயிலின் குரலாக இல்லை. ஜினா நின்று புல்லைக் கடித்தால் அவரும் நின்றார். அவசரம் எதுவும் இல்லை என்பது மெல்ல மெல்லக் கால்களுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் ஜினாவோடு பேசத் தொடங்கிவிட்டார்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் கோடு வலப்பக்க மரத்தில் இருந்தது. ஜினா இடப்பக்கம் திரும்பியது. அவர் கயிற்றை இழுத்தார். அது அசையவில்லை.

"உங்காலை இல்லையடி, இங்காலை."

ஜினா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு இடப்பக்கமாகவே நடந்தது. வழி தெரியும் என்று சொந்தக்காரரே சொன்ன பிறகு தான் யார் தடுக்க என்று அவரும் பின்னால் போனார்.

காடு முடிந்து ஒரு புல்வெளி வந்தது. நடுவில் ஒரு சின்னஞ்சிறு கல் கோயில், வாசலில் காட்டுப்பூ மாலை, வெளியே நீண்ட மேசைகள். சுமார் இருபது பேர், பெரும்பாலும் வயதானவர்கள், ஜினாவைக் கண்டதும் கைதட்டினார்கள். இரண்டு பெண்கள் ஓடிவந்து சுமையை அவிழ்த்தார்கள். தன் ஆட்கள் உள்ளே கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு புண்ணியமூர்த்தி சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஒருவரும் இல்லை. சுவரில் பழைய ஓவியம் ஒன்று இருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்த மாதாவின் முகம் பாதி அழிந்திருந்தது, குழந்தையின் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அவர் கைகூப்பி நின்று, நெற்றியில் தொட்டுக்கொண்டார்.

வெளியே வந்தபோது பானைகள் திறந்திருந்தன. எல்லார் வாயிலும் புளிச்சாதம் இருந்தது. ஒரு கிழவர் வடையில் மிளகாயைக் கடித்துக் கண்ணீர் விட்டபடி இன்னொரு வடைக்குக் கை நீட்டினார்.

பிரெஞ்சு தெரிந்த ஒரு பெண்மணி அவரிடம் வந்து, தான் பியெத்ரோவின் அக்கா ஆஞ்சலா என்றார். "சப்பாத்தைப் போடு, கல் குளிரும். இந்த வருடம் பியெத்ரோ வித்தியாசமாக அனுப்பியிருக்கிறான். என்ன சோறு இது?"

"மதாம், எங்கள் ஆட்கள் எங்கே? குகைக் கோயில் இதுதானே?"

ஆஞ்சலா அவரைப் பார்த்தார், ஜினாவைப் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கோயிலில் அன்று திருநாள். ஒவ்வொரு வருடமும் திருநாளுக்குப் பியெத்ரோ அனுப்பும் சாப்பாட்டை ஜினாதான் இதே பாதையில் சுமந்து வருமாம். விஷயத்தை அவர் இத்தாலிய மொழியில் மற்றவர்களுக்குச் சொன்னார். ஒருவர் வாய்க்கருகில் கொண்டுபோன வடையை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

புண்ணியமூர்த்திக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ," என்று தமிழிலேயே சொன்னார்.

அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அடுத்த கணம் மேசை விரிப்புகள் மடிந்தன. அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ் கட்டி, பன்றித்தொடை, வைன் போத்தல்கள், செர்ரிப் பழக்கூடை எல்லாம் கூடைகளிலும் ஜினாவின் முதுகிலும் ஏறின. மலைமுகட்டுப் பாதையால் குகைக் கோயிலுக்குக் குறுக்காகப் போகலாம் என்றார் ஆஞ்சலா. வயதானவர்கள் ஊன்றுகோலோடு முன்னே போக, ஒருவர் அக்கோர்டியன் வாத்தியப் பெட்டியை இழுத்து வாசித்துக்கொண்டு வந்தார். முகட்டில் இருபக்கமும் பள்ளத்தாக்குகள் திறந்து கிடந்தன. புண்ணியமூர்த்தி பின்னால் திரும்பிப் பார்த்தார். இந்த முறை யாராவது களைத்துப்போனால் கூடையை வாங்கிக்கொள்ளத்தான்.

குகை வாசலில் மரி-லூயிஸ் அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எங்க போயிட்டீங்க தம்பி? ஜெபமாலையை மூணு தடவை சொல்லி முடிச்சிட்டோம். நாலாவதுக்கு யாருக்கும் தெம்பு இல்ல."

"வேற கோயிலுக்குப் போட்டம் அம்மா. விருந்தாளியளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன்."

புல்லில் விரிப்புகள் விரிந்தன. மிஞ்சிய புளிச்சாதமும் ஆட்டுப்பால் கட்டியும் ஒரே தட்டில் விழுந்தன. இத்தாலியர்கள் பாடினார்கள், புதுச்சேரிக்காரர்கள் மாதா பாட்டுப் பாடினார்கள். பியெத்ரோ மாலையில்தான், மரத்தை வெட்டி முடித்து, வியர்வையோடு வந்து சேர்ந்தார். அவருக்கு ஒரு வடைகூட மிஞ்சவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் யாத்திரை காஸ்தெல்ஃபியோராவுக்குத்தான், அந்தத் திருநாளோடு ஒன்றாகிவிட்டது. அடுத்த ஜூனில் சுஜாந்தியும் போனாள். ஆஞ்சலாவின் வீட்டு முற்றத்தில் அந்த ஊர்ப் பெண்களுக்கு அவள் வடை தட்டிக் காட்டினாள், அவர்கள் அவளுக்குப் பாஸ்தா மாவு உருட்டி நூலாக வெட்டக் காட்டினார்கள்.

புண்ணியமூர்த்திக்கு ஒரு வருடம் காத்திருப்பது போதவில்லை. சார்செல்லுக்குக் கிட்ட மொன்மொரன்சி காடு இருப்பதைக் கண்டுபிடித்தார். கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிச் சமையல்காரர்கள், கோப்பை கழுவுகிறவர்கள் என்று யார் கிடைத்தாலும் கூட்டிக்கொண்டு போவார். முதலில் முணுமுணுத்த குகதாசன் என்ற பரோட்டாக்காரர் இப்போது தனக்கென்று மலைச்சப்பாத்து வாங்கி வைத்திருக்கிறார்.

போன இலையுதிர்காலத்தில், அவர் கடையில் அடிக்கடி சாப்பிடும் நானும் ஒருநாள் அவர்களோடு போனேன். நல்ல மழை. வீட்டில் இருந்திருக்கலாமே என்று கேட்டேன். சுஜாந்தி தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து எனக்கு ஊற்றியபடி சொன்னாள்:

"வீட்டிலை இருந்தா இவர் சமைக்க வெளிக்கிடுவார். காட்டிலை எண்டா ஆளுக்கு வாய் மட்டுந்தான் வேலை செய்யும்."

அவர் அதைக் கேட்கவில்லை. ஒரு செஸ்நட் மரத்தடியில் குந்தியிருந்து, முள்ளுத் தோலைச் சப்பாத்தால் மிதித்து, உள்ளே இருந்த கொட்டையைப் பெருமையோடு தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.