புளி போட்டுத் தேய்த்த கேஜ்

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவைத் தாண்டினால் வரும் ஒரு லேத் பட்டறையில் தணிகாசலம் பதினெட்டு வருஷமாகச் செக்கர். பம்புக்குப் போகும் இரும்புப் பின் என்கிற குட்டித் தண்டு ஒவ்வொன்றையும் கேஜ் என்கிற எஃகு வளையத்தில் நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் நல்லது, நுழையாவிட்டால் கழிவு. அவர் ‘ஓடும்’ என்று சொல்லிவிட்டால் முதலாளியே மறுபேச்சு பேசமாட்டார்.

அந்தப் பேருக்கு உண்மையான காரணம் வேறு. உள்ளூர்க் கம்பெனிக்காரர்களுக்கு வெளிநாட்டுப் பின் வாங்க வழியில்லை. லைசென்ஸ் கேட்டே கிழவர்களாகிவிடுவார்கள். பட்டறைப் பின் கொஞ்சம் பருமனாக இருந்தாலும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி ஏற்றிக்கொண்டார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. அந்தச் சர்க்கரையை நம்பித்தான் நாம் மீசை முறுக்கிக்கொண்டிருந்தோம்.

தொண்ணூற்றொன்றில் அதற்கும் வந்தது கேடு. தேசத்தின் கையில் டாலர் இல்லை என்றார்கள். பெரிய கம்பெனிகளுக்கு வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்து, பட்டறைக்கு அவர்கள் தரும் ஆர்டரும் நின்றது. முப்பது பேர் பிழைப்பு அது. அதில் ஒருவன் திருமலை, தணிகாசலத்தின் மருமகன். மகள் செந்தாமரையைக் கட்டிக்கொடுத்த கையோடு அவரே கூட்டிவந்து லேத்தில் நிறுத்தியவன். செந்தாமரைக்கு இப்போது ஏழாம் மாதம்.

ஜூலையில் ரூபாயின் மதிப்பை இறக்கினார்கள். முதலாளி இராமச்சந்திரன் ஓட்டமும் நடையுமாக வந்தார். ஜெர்மனிக்காரன் ஐயாயிரம் பின் கேட்கிறான், நம் விலைக்கு இனி எவனும் நிற்க முடியாது, இதைப் பிடித்தால் பட்டறை பிழைக்கும், விட்டால் தீபாவளிக்குள் பூட்டுதான் என்றார். தணிகாசலம் ஐயாயிரத்தையும் தன் கையாலேயே நுழைத்துப் பார்த்து அனுப்பினார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். குழாயடியில் குந்தி, வருஷா வருஷம் செய்வதுபோல் வளையத்தைப் புளி போட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்பக்கம் முகம் பார்க்கிற மாதிரி மின்னினால்தான் அவருக்கு மனசு ஆறும். முதலாளி ஒரு பார்சலோடு வந்து நின்றார். ஐயாயிரமும் வேண்டாம் என்று ஜெர்மனிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். நம் பின் இருபதும், அவர்களுடைய வளையம் ஒன்றும் அனுப்பியிருந்தார்கள்.

“நீயே போட்டுப் பாரு” என்றார்.

முதல் பின் வாயிலேயே நின்றது. இரண்டாவதும் நின்றது. இருபதில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. தன் வளையத்தில் போட்டார். இருபதும் வழுக்கிக்கொண்டு போயின. பழக்கதோஷம், அவர் கை தானாகச் சுத்தியலைத் தேடிற்று.

“வேணாம், தணிகாசலம். அங்க சுத்திய வச்சிக்கினு எவனும் நிக்கல.”

அவர் தன் வளையத்தைப் பார்த்தார். புளித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பதினெட்டு பூஜை. வருஷத்துக்கு மயிரிழை என்று வைத்தாலும் ஓட்டை எவ்வளவு அகன்றிருக்கும்? பக்தியோடு தேய்த்தார், பட்டறையையே தேய்த்துவிட்டார். ரூபாயை இறக்கினால் விலை இறங்கும், அகன்ற ஓட்டை சுருங்குமா?

முதலாளிக்கும் புரிந்துவிட்டது. புதுசாகச் செய்து தருகிறோம் என்று எழுதக்கூடாதா என்று தணிகாசலம் கெஞ்சினார். வேறு தேசத்துக்காரனுக்கு ஆர்டரைக் கொடுத்தாகிவிட்டது என்றார் முதலாளி. நாளைக்குப் பொரி கொடுத்து முடிந்ததும் பட்டறையைப் பூட்டப்போவதை எல்லாரிடமும் தானே சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தணிகாசலம் குந்தியபடியே இருபது பின்னையும் பொறுக்கிப் பார்சலில் திரும்பக் கட்டினார். பின்னால் சளசளவென்று சத்தம் கேட்டுத் திரும்பினார். திருமலை, பாவம், ஒன்றும் தெரியாதவன், ஜெர்மனி வளையத்தை எடுத்து வைத்துக்கொண்டு புளியைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“இன்னா மாமா, புதுசா கீது? இதையும் தேச்சுடறேன், நீ எழுந்து வூட்டுக்குப் போ. செந்தாமர தேடும்.”

தணிகாசலம் பாய்ந்து அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். வேட்டி முனையால் துடைத்தார். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.