கயிறு பிடித்தவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முள்ளுக்காவடி எடுப்பவரின் முதுகில் கொக்கி குத்தி, அதில் கட்டிய கயிற்றைப் பின்னால் ஒருவர் பிடித்து இழுப்பார். எனக்குக் கயிறு பிடிக்க வந்தவர் வலப்பனைப் பக்கத்து ஆள். கட்டை உடம்பு, அம்மைத் தழும்பு முகம், வாயில் எந்நேரமும் ஒரு கராம்பு.

"தாங்க முடியலன்னா கைய விரிங்க தம்பி, விட்டுருவேன். கத்துனா விடமாட்டேன்" என்றார்.

தப்பும் உருமியும் முழங்க நான் முன்னால் பாய்ந்தேன். அவர் காலை ஊன்றி, மிரண்ட மாட்டை இழுப்பதுபோல இழுத்தார். தோல் பிய்ந்து இரத்தம் வேட்டிவரை வழிந்தது. "இன்னும் இழுங்கண்ணே!" என்று கத்தினேனே தவிர, கையை விரிக்கவில்லை.

முடிந்ததும் கொக்கிகளைக் கழற்றித் திருநீறு அப்பி, கம்பளியால் போர்த்தி, என் நடுக்கம் நிற்கும்வரை கட்டிப்பிடித்திருந்தார். அதோடு ஊருக்குப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றார். நான் காலையிலிருந்து காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் கோப்பையோடு சுவரில் அடித்திருந்தேன்.

"நேத்து சாமி கூட இருந்துச்சு. இன்னைக்கு நீங்க மட்டுந்தான். அதான் வந்தேன்" என்று உட்கார்ந்து, என் முதுகுக்கு மஞ்சள் பூசினார்.

"உங்கள யாருண்ணே பாக்குறது?"

இரண்டு கைகளையும் விரித்தார். கயிறு அறுத்து உள்ளங்கையில் சதை தெரிந்தது. நான் மஞ்சளை வைத்ததும் துடித்துப்போய், "மெதுவா தம்பி, மெதுவா" என்றார்.

முந்தின நாள் முழுக்க அவரிடம் நான் சொல்லாத வார்த்தை அது.