‘தெரியாது’ என்று சொல்லக் கர்த்தர் கொடுத்த பலம்

கர்த்தருக்குள் என்னோடு கூடியிருப்பவர்களே, இரண்டு வருடமாக இந்தச் சபையில் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். பாட்டு எழும்பும்போது நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் நின்ற காலம் ஒன்று உண்டு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இன்று சொல்கிறேன்.

நான் மடித்துக் கொடுத்த பாராசூட் விரியாமல் ஒரு மனிதன் செத்துப்போனான். அவன் பெயர் சென்னப்பா. சுதந்திரம் வந்த நான்காம் வருடம், ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. மைசூருக்கு வெளியே விமானத் திடலை ஒட்டிய ராகிக் கொல்லையில் விழுந்தான்.

யுத்த காலத்தில் நான் பட்டாளத்தில் பாராசூட் மடிக்கும் பிரிவில் இருந்தேன். ஐந்து வருடம் அதே வேலை. நீளமான மேசை, இருபத்தெட்டு கயிறுகள், இருபத்தெட்டு துண்டுத் துணி. கயிறுகளை விரலால் சீவி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, துணியை மடித்துப் பைக்குள் இறக்க வேண்டும். யுத்தம் முடிந்து ஊருக்கு வந்து பட்டு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். என் மனைவி கிரேஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்கு ஒரே பெண் குழந்தை.

அப்போதுதான் குடகுக்காரரான ஒரு ரிட்டயர்டு மேஜர் என்னைத் தேடி வந்தார். பட்டாளத்தில் குதித்துப் பழகிய ஐந்தாறு பேரைச் சேர்த்து ஒரு குழு அமைத்திருந்தார். யுத்தத்தில் மிஞ்சிய பாராசூட்டுகளை ஏலத்தில் எடுத்திருந்தார். சின்ன விமானம் ஒன்றும் சனிக்கிழமைகளில் கிடைத்தது. தசரா கண்காட்சியில் ஜனங்களுக்கு முன் குதித்துக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. “பாக்கியநாதா, குதிக்க ஆள் இருக்கு. நம்பி மடிச்சுக் கொடுக்கத்தான் ஆள் இல்லை” என்றார். மதராஸ் பட்டாளத்தில் இருந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். எனக்கு அந்த வார்த்தை பெருமையாக இருந்தது. சரி என்றேன்.

சென்னப்பா அந்தக் குழுவில் ஒருவன். பஸ் டிப்போவில் மெக்கானிக். கரடி மனை என்று இங்கே சொல்கிற குஸ்திக் கூடத்தில் பழகிய உடம்பு. ஓடும் லாரியின் பின்பக்கத்திலிருந்து, கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்கிக் குதித்து, தோளால் உருண்டு எழுந்திருக்கும் பயிற்சியில் அவனைப்போல யாரும் இல்லை. உருண்டு எழுந்ததும் மண்ணைத் தட்டாமல் சிரிப்பான். என்னை அண்ணா என்பான்.

எங்களிடம் இரண்டு விதமான பாராசூட்டுகள் இருந்தன. சில நைலான். மற்றவை பருத்தித் துணி. பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். நெஞ்சில் கட்டிக்கொள்ளும் இரண்டாவது சின்ன பாராசூட்டுகளும் மூன்று இருந்தன. முதுகுப் பை ஏமாற்றினால் கையால் இழுத்துத் திறக்க வேண்டியவை. மேஜர் வேண்டாம் என்றார். “நம்ம பட்டாளத்துல எவன் இதைக் கட்டிக்கிட்டான்? சும்மா பாரம்.” எனக்கு மனசு ஒப்பவில்லை. வாய் திறக்கவும் இல்லை. அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

அந்த வாரம் முழுக்கத் தூறல். வெள்ளிக்கிழமை திடலின் கொட்டகையில் சென்னப்பாவின் பருத்திப் பாராசூட்டை மேசையில் விரித்துக் கயிறுகளைச் சீவிக்கொண்டிருந்தேன். பாதி வேலையில் வீட்டிலிருந்து ஆள் வந்தது. குழந்தைக்கு ஜுரத்தில் வலிப்பு. போட்டது போட்டபடி ஓடினேன். மாலைக்குள் குழந்தை தெளிந்துவிட்டாள். திரும்பி வந்து மிச்சத்தை மடித்துப் பையை மூடினேன். பையோடு ஒரு அட்டை இருக்கும். ‘பார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வந்த பிறகு கயிறுகளை முதலிலிருந்து சீவினேனா? விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேனா? துணியில் ஈரம் இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தேனா? எனக்கு ஞாபகம் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மறுநாள் காலை மூன்று பேர் ஏறினார்கள். விமானத்துக்குள் ஒரு கம்பி ஓடும். முதுகுப் பையிலிருந்து வரும் பட்டையை அதில் கொக்கியால் மாட்டிவிட்டுக் குதிப்பார்கள். ஆள் விழும்போது அந்தப் பட்டை இழுத்துப் பையைத் திறந்துவிடும். முதல் ஆள் குதித்தான், விரிந்தது. இரண்டாவது சென்னப்பா. துணி வெளியே வந்தது, ஆனால் பூக்கவில்லை. முறுக்கிய வேட்டிபோல நீளமாக அவன் தலைக்கு மேலே படபடத்துக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டது. அவன் இரண்டு கையாலும் கயிறுகளைப் பிடித்து உதறிக்கொண்டே வந்தான். கடைசிவரை உதறினான்.

இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தார். மேஜர் பக்கத்தில் நின்றார். “நீதானே மடிச்சே? எல்லாம் சரியாப் பார்த்தியா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பார்த்தேன் சார்.”

அவ்வளவுதான். கயிறு முறுக்கிக்கொண்டது, விபத்து என்று எழுதி முடித்தார்கள். சென்னப்பாவின் தாயார் அந்தத் துணியையே கேட்டு வாங்கி, அவன் உடம்பில் சுற்றி அடக்கம் செய்துவிட்டார். பிரித்துப் பார்க்க அப்புறம் எதுவும் இல்லை.

அன்றுமுதல் துணி காற்றில் அடிக்கிற இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் வேட்டி காய்ந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். பட்டப்பகலில், சந்தை நடுவில், கடைக்காரன் மேலே கட்டிய படுதா படபடத்தால் நான் வானத்தைப் பார்ப்பேன். யாரோ விழுந்துகொண்டிருப்பதாகவே தோன்றும். வீட்டுக் கொடியை அவிழ்த்து எறிந்தேன். கிரேஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள். “ஏங்க, மழைக்காலத்துல துணிய உள்ளயே போட்டா எப்பிடிக் காயும்? என்னதான் ஆச்சு உங்களுக்கு? என்கிட்ட சொன்னா என்ன?” நான் சொல்லவில்லை.

ஆலையில் என் கை தானாகவே துணியை மடித்து எண்ணும். இருபத்தெட்டு வந்ததும் மறுபடி ஒன்று.

சென்னப்பாவின் மனைவி கௌரம்மா அக்ரஹாரத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தாள். துக்கம் விசாரிக்கப் போகவேண்டும் என்று சைக்கிளில் கிளம்புவேன். தெரு முனைவரை போவேன். திரும்பிவிடுவேன்.

ஜெபிக்காமல் இல்லை. தினமும் ஜெபித்தேன். “ஆண்டவரே, இந்தச் சத்தத்தை என் காதிலிருந்து எடுத்துப்போடும்.” எடுக்கவில்லை. “அது என் தப்பு இல்லை என்று எனக்குக் காட்டும்.” காட்டவில்லை. வானம் இரும்பாக இருந்தது. ஒரு நாள் சபையில் ஆராதனை நடுவில் எழுந்து வெளியே போய்விட்டேன். சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஜன்னல் திரை காற்றில் அடித்தது. அதுதான் காரணம்.

தசரா நெருங்கியது. மேஜர் சொல்லி அனுப்பினார். குதிக்கப் போகிறார்களாம். போய்ப் பார்த்தால் புதிதாக ஒருவன் லாரியிலிருந்து உருண்டு பழகிக்கொண்டிருக்கிறான். சென்னப்பாவின் தம்பி சிவண்ணா. இருபத்திரண்டு வயது. என்னைக் கண்டதும் ஓடிவந்து கன்னடத்தில் சொன்னான். “அண்ணா, எனக்கு நீங்கதான் பை கொடுக்கணும். எங்க அண்ணன் உங்களைத் தவிர யாரையும் நம்பமாட்டான்.”

அவன் அப்படிச் சொன்னபோது பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

ஆடி மாதத்தில் நான் மடித்து மூடிய ஐந்து பைகள் கொட்டகை அலமாரியில் அப்படியே இருந்தன. மழைக்காலம் முழுக்க யாரும் திறக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, உயரத் தொங்கவிட்டு, காற்றாட விட்டு, மறுபடி மடிக்கவேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒன்றையும் பிரிக்கவில்லை. மேலே பட்டை, கொக்கி, பூட்டு எல்லாம் துடைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வெளியே சரியாக இருந்தால் உள்ளேயும் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிவண்ணாவுக்கு என்று ஒதுக்கிய பையின் அட்டையை எடுத்து, ‘பார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் பேனாவை வைத்தேன்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கொட்டகையில் நான் ஒருவன்தான். பேனா நகரவில்லை. அந்த நீள மேசைக்குக் கீழே, சிமெண்ட் தரையில், முழங்காலில் விழுந்தேன். சத்தத்தை எடுத்துப்போடும் என்று அன்றைக்குக் கேட்கவில்லை. என் தப்பா இல்லையா என்றும் கேட்கவில்லை. “ஆண்டவரே, இந்தப் பையனைக் காப்பாற்றும். அதுக்கு என்னை என்ன செய்யணுமோ செய்யும்.” அவ்வளவுதான் வந்தது. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

தரிசனம் ஒன்றும் இல்லை. குரல் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்தபோது மனதில் ஒரே ஒரு காரியம் தெளிவாக நின்றது. நான் பார்த்தேனா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொன்னேன். அதைப் போய்ச் சொல்லவேண்டும். அதுவரை அந்த எண்ணம் எனக்கு வந்ததே இல்லை. அது என்னிடமிருந்து வந்ததல்ல என்று இன்றும் சொல்வேன்.

கையெழுத்துப் போடாத அட்டையோடு மேஜர் வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், அன்னிக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட பார்த்தேன்னு சொன்னேன். பாதியில எழுந்து வீட்டுக்குப் போயிட்டேன் சார். திரும்பி வந்து கயிறைச் சீவினேனா, ஈரம் பார்த்தேனா, எனக்குத் தெரியாது.”

கோப்பையைக் கீழே வைத்தார். “இத்தனை நாள் கழிச்சா சொல்றே?”

“ஆமா சார்.”

“உன்னை ஜெயில்ல போடலாம். தெரியுமா?”

“போடுங்க சார். ஆனா அந்தப் பைகளோட யாரையும் ஏத்தாதீங்க. ஒண்ணையும் நான் திறந்து பார்க்கல.”

அவர் முகம் கறுத்துவிட்டது. பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். “வா. எல்லாத்தையும் திறப்போம்.”

குழுவில் எல்லாரையும் வரவழைத்தார். அவர்கள் முன்னால் ஒவ்வொரு பையாகப் பிரித்தேன். நைலான் மூன்றும் நன்றாக இருந்தன. நான்காவது பருத்தி, மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை நாற்றம். ஐந்தாவது சிவண்ணாவுக்கு ஒதுக்கியது. மேஜர் அதைக் கையில் எடுத்து விரலால் அழுத்தினார். நனைந்த காகிதம் மாதிரி விரல் உள்ளே போயிற்று. பயந்து இன்னொரு இடத்தில் அழுத்தினார். அங்கேயும் போயிற்று.

சிவண்ணா அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று நாளில் அவன் குதிக்க வேண்டியது.

மேஜர் உட்கார்ந்துவிட்டார். “நானும் ஒண்ணு சொல்லணும்” என்றார். “நெஞ்சுல கட்டுறதை வேணாம்னு சொன்னது நான். அது இருந்திருந்தா அவன் இழுத்திருப்பான். கடைசிவரைக்கும் கை வேலை செஞ்சுதே அவனுக்கு.” மறுநாள் அவரே என்னை அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நாங்கள் இருவரும் சொன்னதையும் எழுதிக் கொடுத்தார். எனக்குத் தண்டனை வரவில்லை. வந்திருந்தாலும் நன்றி சொல்லியிருப்பேன்.

பருத்தி எல்லாவற்றையும் கொளுத்தினோம். நெஞ்சில் இரண்டாவது பாராசூட் கட்டாமல் யாரும் ஏறக்கூடாது என்று மேஜர் விதி வைத்தார். ஒருவர் மடித்தால் இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். பாதியில் எழுந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நானும் ஒன்று கேட்டேன். மடிக்கிறவன் தான் மடித்ததில் ஒன்றோடு முதலில் குதிக்கவேண்டும். நாற்பது வயதில், வாழ்நாளில் முதல் தடவையாக, அந்த விமானக் கதவில் நான் நின்றேன். ஜெபம் ஞாபகம் வரவில்லை, இயேசுவே என்ற பெயர் மட்டும் வந்தது. விரிந்தது. சிவண்ணா அந்தத் தசராவில் குதிக்கவில்லை. அடுத்த வருடம் குதித்தான், பத்திரமாக இறங்கினான்.

சென்னப்பாவைக் கொன்றது ஈரமா, நான் சீவாமல் விட்ட கயிறா? அதைக் கர்த்தர் எனக்குக் காட்டவில்லை. அவன் மேல் சுற்றிய துணியோடு மண்ணுக்குள் போய்விட்டது. இரண்டும் என் கை செய்ததுதான். துணி படபடக்கும்போது இன்னும் சில நாட்கள் நான் நின்றுவிடுகிறேன். குணமாகிவிட்டேன் என்று இந்தச் சபையில் பொய் சொல்லமாட்டேன்.

பைகளைத் திறந்த அந்த வாரமே கௌரம்மாவின் வீட்டுக்குப் போனேன். கிரேஸிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை திரும்பவில்லை. வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தேன். கௌரம்மா தூணைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் இரண்டு லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“நீங்க சைக்கிள்ள தெரு முனைவரைக்கும் வந்து திரும்பிப் போறதை நான் பார்த்திருக்கேன்” என்றாள் கன்னடத்தில். “எத்தனையோ தடவை. உங்ககிட்ட ஏதோ இருக்குன்னு அப்பவே தெரியும்.”

லோட்டாவைத் தொடாமல் நின்றேன்.

“வந்தவங்க எல்லாரும் அவர் தலையெழுத்துன்னு சொல்லிட்டுப் போனாங்க. தெரியாதுன்னு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மன்னிச்சுட்டேன்னு சொல்ல இப்ப எனக்கு வாய் வரல. சிவண்ணா உயிரோட இருக்கான். அதுக்காகத் தண்ணி கொடுத்தேன். குடிங்க.”

குடித்தேன். கிரேஸும் குடித்தாள்.

அந்தத் தண்ணீர்தான் என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று நான் நம்புகிறேன். நான் கேட்ட இரண்டையும் கர்த்தர் கொடுக்கவில்லை. கேட்கத் தெரியாத ஒன்றைக் கொடுத்தார், ஒரு வாலிபனின் உயிரையும் கொடுத்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

உங்களில் யாருக்காவது, தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்திருக்கிற காரியம் ஏதாவது இருக்கலாம். அதை அவரிடம் கொண்டுபோங்கள். அவர் உங்களை எங்கே அனுப்புகிறாரோ அங்கே போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால், கூட்டம் முடிந்ததும் வெளிக் கதவருகே நிற்பேன். யார் வீட்டு வாசல்வரை வேண்டுமானாலும் கூட நடந்து வருகிறேன்.