மூன்றாம் ஓலை

என் கல்யாணத்துக்கு ராயபுரம் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். பூசை நடுவில் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயரைப் படித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். தடை எனக்குத் தெரியும். ஆனால் பெண்ணே நான்தான்.

மாப்பிள்ளை மாமா மகன், ஹார்பரில் வேலை. எங்கள் வீட்டில் பெண்ணை வெளியே கொடுக்கிற வழக்கமே கிடையாது. மாமாவும் அத்தையும்கூட அப்படிக் கட்டிக்கொண்டவர்கள்தான். ரத்த சொந்தத்தில் கட்ட பிஷப்பின் அனுமதி வேண்டும், அதையும் வாங்கியாகிவிட்டது.

அவன் தங்கைக்கு ஏழு வயது. வெளுத்துப்போய், வயிறு வீங்கி, மாதாமாதம் ரத்தம் ஏற்றினால்தான் எழுந்து நடப்பாள். திருஷ்டி என்றார்கள், வயிற்றில் பூச்சி என்றார்கள். முதல் ஓலைக்கு முன்பு, அவளுக்கு ரத்தம் கொடுக்க நானும் அவனும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு பேருக்குமே ரத்தம் குறைவு என்று சொல்லி, சோதனைக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். டானிக்கைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் எனக்கு ஏறாத ரத்தம் அது.

அவனுக்கு ஷிப்டு என்பதால் முடிவு கேட்க நான் மட்டும் போனேன்.

"இது டானிக்ல தீர்ற சோகை இல்லம்மா, பரம்பரையா வர்றது" என்றார் டாக்டரம்மா. "உனக்கும் அந்தப் பையனுக்கும் பாதி பாதி இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நீங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டா, பொறக்கிற கொழந்த அந்தப் பொண்ணு மாதிரி ஆகலாம்."

அம்மாவிடம் சொன்னேன். ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"இன்னாடி பேசற? எங்க அண்ணன் வூட்டு ரத்தம் கெட்ட ரத்தம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியப் போறியா? அப்புறம் உன் தங்கச்சிய எவன் கட்டுவான்? வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்!"

இரண்டாம் ஓலை முடிந்ததும் சாமியாரிடமே போய்ச் சொல்லிவிட்டேன். பாவம், பொறுமையாகக் கேட்டார். "வியாதியெல்லாம் திருச்சபை சொல்ற தடையில வராதும்மா. ஜெபம் பண்ணு" என்றார். ரத்த சொந்தம் தடையாம், அதற்கு அனுமதி உண்டாம். ரத்தத்திலேயே இருப்பது தடை இல்லையாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

மிச்சம் அவன்தான். அவன் வேண்டாம் என்றால் பழி என்மேல் விழாது என்று ஹார்பர் கேட் வரைக்கும் போனேன்.

"இன்னாமே, இங்க வந்துகீற? எதுனா சொல்லணுமா?" என்றான்.

வாய்வரை வந்தது. என் தங்கையின் முகம் கண்ணில் நின்றது. புடவை எடுக்க எப்போது போகலாம் என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். கோழை நான், வேறென்ன?

மூன்றாம் ஓலை வாசித்தபோது அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆண்கள் பக்கம் அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் எழவில்லை. கல்யாணம் நடந்தது.

மகன் பிறந்த எட்டாம் மாதம், பால் குடிக்காமல் வெளுக்கத் தொடங்கினான். வயிறு உப்பியது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

அவர் பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே அந்த டாக்டரம்மா என்கிட்டயும் சொன்னாங்க. நான் வாணாம்னா உன் பேரு கெட்டுடும்னு சும்மா இருந்தேன். நீ சொல்லுவே, நீ சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன்" என்றார்.