கரையில் விட்டுப்போன ஆகாயத்தாமரை

போன வருடம், மாரி மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு நடந்தது இது. சண்டிலிப்பாய்ப் பக்கம், எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் அதைப் புல்வெளி என்றுதான் நினைப்பார்கள். அவ்வளவுக்கு ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. அதற்கு முந்திய மாரியில் அது மதகில் போய் அடைத்து, வெள்ளம் வடிய வழியில்லாமல் என்னுடைய வெங்காயமும் பக்கத்துத் தோட்டத்து அண்ணையின் வெங்காயமும் அழுகிப்போயின.

அதனால் ஓர் அமைப்பினர் வந்து சிரமதானம் செய்து குளத்தைத் துப்புரவாக்குவோம் என்றதும், முதலில் சம்மதித்தவர் அந்த அண்ணைதான். அள்ளுவதை அன்றைக்கே ஏற்றிப்போக ட்ரக்டர் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

“கரையிலை விட்டால் ஒரு மழைக்கே திரும்ப இறங்கிடும்” என்றார். அவர்களும் தலையாட்டினார்கள்.

சிரமதானத்தன்று காலை பதாகை கட்டினார்கள், ஆளுக்கொரு தொப்பி தந்தார்கள். அண்ணை கழுத்தளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையைக் கயிறு போட்டு வளைத்துத் தள்ள, நாங்கள் பெண்கள் கரையில் நின்று இழுத்தோம். ஈரத்தோடு அது பிணம் மாதிரிக் கனத்தது. மத்தியானம் அவர் ஏறி வந்தபோது காலிலிருந்து இரத்தம் ஓடியது. அடியில் கிடந்த உடைந்த போத்தல் வெட்டியிருந்தது. அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும். உடனே ஆசுப்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

“முதல் இதை முடிப்பம் பிள்ளை” என்று துவாயைக் கிழித்துக் கட்டிக்கொண்டு திரும்ப இறங்கிவிட்டார்.

பின்னேரம் குளத்தில் தண்ணீர் தெரிந்தது. எல்லோரும் நின்று படம் எடுத்தார்கள். ட்ரக்டர் நாளைக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் பதாகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

வரவில்லை. நான் தொலைபேசி எடுத்தபோது ஒருமுறை டீசல் இல்லை என்றார்கள், இன்னொருமுறை சாரதி லீவு என்றார்கள், பிறகு எடுக்கவே இல்லை. நானும் அண்ணையின் மனைவியும் கைவண்டிலில் அள்ளிப் பார்த்தோம். குவியலில் ஒரு மூலைகூடக் குறையவில்லை. அதற்குள் அண்ணையின் கால் வீங்கி, பெரியாசுப்பத்திரி வார்டில் மறித்து வைத்துவிட்டார்கள். குளம் மீட்கப்பட்டது என்று பத்திரிகையில் படம் வந்ததை வார்டில்தான் பார்த்தோம். படத்தின் நடுவில், கழுத்தளவு தண்ணீரில் அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தக் கிழமை அவருடைய இரண்டு கால்விரல்களை வெட்டி எடுத்தார்கள்.

நான் பார்க்கப் போனபோது வெளியே மழை. என்னைக் கண்டதும் அண்ணை கேட்டது இதுதான்.

“ட்ரக்டர் வந்ததோ?”

“இல்லை அண்ணை.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் வீடு வரும்போது குளம் பழையபடி மூடி, ஊதா நிறத்தில் பூத்தும் இருந்தது. அவரைப் பார்த்துப் போகக்கூட அமைப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. இந்த வருடம் வந்தார்கள், இன்னொரு சிரமதானத்துக்கு அவரைக் கூப்பிட. அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். வாசலில் நின்று நான்தான் பதில் சொன்னேன்.

“முதல் ட்ரக்டரைக் கொண்டுவந்து கரையிலை விடுங்கோ. பிறகு நாங்கள் இறங்கிறம்.”

எங்கள் ஊரில் ஒத்துழைப்பு இல்லை என்று சொல்லிவிட்டு வேறு குளத்துக்குப் போய்விட்டார்களாம். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஊருக்காக என்றால் யோசிக்காமல் தண்ணீரில் இறங்குகிற ஒரு மனிதர் எங்களிடம் இருந்தார், அவர் உயிரோடு இருந்தும் அந்த மனிதரை இழந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.