கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்ன கதை

பிள்ளைங்களா, உங்க அத்தைகிட்ட பேசும்போது இடது பக்கமாப் போய் நின்னு பேசணும்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். வலது காது ஏன் கேக்காதுன்னு நீங்க கேட்டப்பல்லாம், சின்ன வயசுல வந்த காய்ச்சல்னு சொல்லி உங்க அம்மா சமாளிச்சா. காய்ச்சல் இல்லை. இப்ப பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வீட்டில ஆரம்பிச்சிருக்கு. அதனால இதை எழுதி வைக்கிறேன். பத்தாவதைத் தாண்டாதவன் எழுத்து, தப்பு இருந்தா நீங்களே திருத்திப் படிச்சுக்குங்க.

அப்ப நாம முத்தியால்பேட்டையில ஒரு சந்துல குடியிருந்தோம். பெரியவளுக்கு நாலு வயசு, சின்னவன் வயித்துல. நம்ம வீட்டிலயும் ஒரு சின்ன டிவி இருந்துச்சு. ஆனா அழுறதுக்குத் துணை வேணுமில்லையா? விளக்கு வைக்கிற நேரமானா சந்துப் பொம்பளைங்க எல்லாரும் பக்கத்துச் சொல்தா வீட்டில கூடிடுவாங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குறவரை நம்ம ஊர்ல சொல்தான்னுதான் சொல்லுவோம். அவரு பின்கட்டுக்குப் போயிடுவாரு. வீட்டம்மா பெரிய கலர் டிவியைப் போட்டு, பாயை விரிச்சு வைக்கும்.

டிவி சீரியல்ல அப்ப ஓடினது ஒரு மருமகளோட கதை. பெரிய வீடு, மாடிப்படி, மூணு வேளையும் பட்டுப்புடவை. நாத்தனார் பேச்சைக் கேட்டுப் புருஷன் அவளை அடிச்சு வெளியே தள்ளிடுவான். அந்த வாரம் சந்தே துக்க வீடு மாதிரி கிடந்துச்சு. எங்க அம்மா மாரியம்மன் கோயில்ல அந்தப் பொண்ணு பேருக்கு அர்ச்சனையே பண்ணிட்டு வந்தாங்க. பூசாரி நட்சத்திரம் கேட்டிருக்காரு. "அதை இன்னும் கதையில சொல்லலை"ன்னு இவங்க சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வந்து அவங்களே சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. நானும் சிரிச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு என் தங்கச்சி தவளக்குப்பத்திலேருந்து பஸ் ஏறி வந்து நின்னா. கன்னம் வீங்கி ஒரு கண்ணு மூடியிருந்துச்சு. அவ புருஷன் அங்க டெம்போ ஓட்டிக்கிட்டிருந்தான். குடிச்சா அடிப்பான், குடிக்கலைன்னாலும் அடிப்பான். அம்மா அவளைக் கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன பேசினே?" அந்தக் கதையில பொண்ணு பொறந்த வீட்டுக்கு வந்தப்ப அவ அம்மா கேட்டதும் அதேதான். எனக்கு அப்ப அது உறைக்கலை.

கதையில அந்தப் பொண்ணு திரும்பிப் போக முடிவு பண்ணினா. வெள்ளிக்கிழமை தலை முழுகி, தாம்பாளத்துல மஞ்சள், குங்குமம், பூ எடுத்துக்கிட்டு, கூட ஆம்பளை யாரும் இல்லாம மாமியார் வீட்டுக் கேட்டு முன்னாடி போய் நின்னா. மழை கொட்டுச்சு. நனைஞ்சுக்கிட்டே நின்னா. கடைசியில மாமியார் ஓடி வந்து கேட்டைத் திறந்து கட்டிப் புடிச்சு அழுதா. சந்தும் அழுதுச்சு.

மறுநாளே நம்ம வீட்டிலயும் முடிவாயிடுச்சு. வர்ற வெள்ளிக்கிழமை, அதே மாதிரி. சொல்தா வீட்டம்மாவே தன்னோட பித்தளைத் தாம்பாளத்தைத் தேய்ச்சு எடுத்துக்கிட்டு வந்துச்சு.

மில்லுக்கு லீவு போட்டுட்டு நானும் கூட வர்றேன்னு சொன்னேன். அம்மா ஒத்துக்கலை. கதையில அண்ணன்காரன் போனதாலதான் சண்டை பெருசாச்சாம், ஆம்பளை வந்தா அவங்களுக்கு ரோஷம் வருமாம். உங்க அம்மா ஒருத்திதான் எதிர்த்துப் பேசினா.

"அத்த, அங்க அடிபட்ட பொண்ணு மறுநாளே பவுடர் பூசிக்கிட்டு வருது. உங்க பொண்ணு கன்னத்தைப் பாருங்க, நாலு நாளாகியும் வத்தலை."

"மாசமா இருக்கிறவ வயித்தைப் பார்த்துக்க. பஞ்சாயத்துக்கு நாங்க இருக்கோம்"னு அம்மா வாயை அடைச்சுட்டாங்க.

தங்கச்சி மறுக்கலை. அவளும் அந்தக் கதையைப் பார்த்தவதான். பூ வச்சுக்கிட்டே ஒண்ணு மட்டும் கேட்டா.

"எவ்வளவு நேரம்மா நிக்கணும்?"

"கூப்பிடுற வரைக்கும்."

அம்மாவும் சொல்தா வீட்டம்மாவும் அவளைத் தவளக்குப்பம் வழியாப் போற கடலூர் பஸ்ல கூட்டிட்டுப் போய், தெருமுனையில நின்னுக்கிட்டு அவளை மட்டும் அனுப்பினாங்க. சித்திரை மாசம். மழை எங்கேருந்து வரும்? தார் ரோட்டு மேல தாம்பாளத்தோட நின்னா. மாமியார் ஜன்னல் வழியா ஒருதரம் பார்த்துட்டு உள்ள போயிடுச்சு. கதையில அந்தத் தெருவுல ஆளே கிடையாது. நிஜத் தெருவுல ஆள் இருக்கு. எதிர் வீடு, பக்கத்து வீடு, தண்ணி புடிக்க வந்தவங்கன்னு கூட்டம் சேர்ந்துச்சு. உச்சி நேரத்துல டெம்போவை ஓட்டிக்கிட்டு அவன் வந்தான். வீட்டு வாசல்ல கூட்டம், நடுவுல பொண்டாட்டி. ஊரு பார்க்க என்னை அசிங்கப்படுத்த வந்தியான்னு கேட்டு, காதோட சேர்த்து ஒரு அறை. அவ தலை இரும்புக் கேட்டுல போய் மோதுச்சு. கேட்டு அப்பவும் திறக்கலை.

பெரிய ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பார்த்துட்டு, உசுருக்கு ஒண்ணும் இல்லை, அந்தக் காது இனிமே திரும்பாதுன்னு சொல்லிட்டாங்க. அம்மா வராந்தாவுல போய் உட்கார்ந்தாங்க. அப்புறம் மெதுவா என்கிட்ட சொன்னாங்க:

"மாமியா வெளிய வர்றதுக்குள்ள அவன் வந்துட்டான்டா."

அவங்க மனசுல கதை அப்பவும் சரியாத்தான் இருந்துச்சு. நேரம்தான் தப்பிடுச்சு.

மில்லுல மெஷின் முன்னாடி நிக்கிறப்ப நான் இதைப் பத்தி நிறைய யோசிச்சிருக்கேன். அந்த மாதிரிக் கதையில புருஷன் கெட்டவனா இருக்கவே மாட்டான். அவனை ஒரு பொம்பளை கெடுத்திருப்பா. கேள்வி கேட்கிறவ உதட்டுச்சாயம் பூசியிருப்பா, பேசாதவ மஞ்சக்கயித்தைக் கண்ணுல ஒத்திக்குவா. எத்தனை அடி விழுந்தாலும் ஒருத்தரும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற மாட்டாங்க. பொறுத்தவளுக்குக் கேட்டு திறக்கும்னு வாரத்துக்கு அஞ்சு நாள் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஏன் திறக்குதுன்னு மட்டும் யாரும் சொல்லலை. அந்தப் பொண்ணு செத்துட்டா மறுநாள் கதை கிடையாது. அவ கதை எடுக்கிறவங்களுக்கு வேணும், அதனால எத்தனை அடிச்சாலும் எழுப்பி உட்கார வச்சிடுவாங்க. என் தங்கச்சி அந்தத் தவளக்குப்பத்து வீட்டுக்கு வேணாம். அவளை எழுப்பி உட்கார வைக்க அங்க யாரும் இல்லை.

சொந்தக்காரங்க ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க. கட்டு பிரிச்சதும் கொண்டுபோய் விட்டுடலாம், இப்ப அவனுக்கும் மனசு உறுத்தும், இதுதான் சமயம்னு அம்மாகிட்ட பேசிக்கிட்டிருந்தாங்க. தங்கச்சி அடிபட்ட காது மேல கையை வச்சுக்கிட்டு சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தா. மாத்துப் புடவை எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில யாரும் இல்லை. பீரோவைத் திறந்து, நடுத்தட்டுல இருந்த என் சட்டை வேட்டியெல்லாம் எடுத்து ஒரு அட்டைப்பெட்டியில போட்டுக் கட்டிலுக்கு அடியில தள்ளினேன். காலியான தட்டைத் துடைச்சு, பழைய பேப்பர் விரிச்சேன். தங்கச்சி கொண்டு வந்திருந்த துணியில ஒரு புடவையை மட்டும் ஆஸ்பத்திரிக்குன்னு தனியா எடுத்து வச்சுட்டு, மீதியை ஒவ்வொண்ணா மடிச்சு அந்தத் தட்டுல அடுக்கினேன்.