சுவரில் விட்டுவைத்த கோடு

கிள்ளானில் மாடி இல்லாத எங்கள் தெரஸ் வரிசை வீட்டுக்குள் ஆற்று வெள்ளம் இடுப்புவரை வந்துபோன பிறகு, சுவரில் சேற்றுக் கோடு ஒன்று நின்றுவிட்டது. தீபாவளிக்குச் சாயம் பூசும்போதெல்லாம் அதை மட்டும் விட்டுவிடச் சொல்வேன். என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது; வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பார். நினைத்தால் நினைக்கட்டும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் சுவிட்சுகளை மேலே ஏற்றினோம், சாமி மேடையை உயர்த்தினோம், குளிர்பெட்டிக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தோம். எல்லாம் எங்கள் கைக்காசு.

வெள்ளக் காப்புறுதியையும் தவறாமல் புதுப்பித்து வந்தோம். கட்டணம் ஆண்டுதோறும் ஏறி, இந்த முறை இரண்டு மடங்காகிவிட்டது. இது என்ன அநியாயம் என்று சண்டை போட்டதில், காப்புறுதி நிறுவனத்தார் வீட்டைப் பார்க்க ஆள் அனுப்பினார்கள். இவ்வளவு செய்திருக்கிறோமே, கட்டாயம் குறைப்பார்கள் என்று நம்பினேன். வந்தவருக்குக் காப்பி கலந்து கொடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. கோட்டை மட்டும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுவாரம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து எங்கள் காப்புறுதி முகவர் அழைத்தார்.

"அக்கா, வெள்ளத்துக்கு இனிமே கவர் இல்லையாம். நெருப்புக்கு மட்டும்தான் குடுப்பாங்களாம்."

"ஏன்?"

"அந்தக் கோடுதான்க்கா. அத ஏன் காட்டுனீங்க? பெயிண்ட் அடிச்சிருக்கலாம்லா. இப்ப அடிச்சிருங்க, வேற கம்பெனில கேட்டுப் பாப்போம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுவத்துக்கு அடிச்சிரலாம் தம்பி. ஆத்துக்கு யாரு அடிக்கிறது?"

அவர் சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது? மேட்டில் மரங்களை வெட்டி வீடு கட்டி விற்றவர்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த மேட்டுத் தண்ணீரெல்லாம் இறங்கி வருவது எங்கள் தாமான் குடியிருப்புக்கு. வெள்ளம் வராத வீட்டுக்கு வெள்ளக் காப்புறுதி உண்டாம், வருகிற வீட்டுக்குக் கிடையாதாம். இத்தனை வருடம் வாங்கிப் போட்டுக்கொண்டார்களே, அப்போது மட்டும் ஆறு வேறு பக்கம் ஓடியதா?

போன வாரம் நெருப்புக்கான பத்திரம் வந்தது. வீட்டுக்கடன் இருப்பதால் அதை எடுத்தே ஆகவேண்டும் என்கிறது வங்கி. அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் மெத்தையைச் சுருட்டி மேசைமேல் ஏற்றினார். கால்வாய் நிரம்பி வாசலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. நெருப்புக்கான பத்திரத்தை, நனைந்துவிடக் கூடாதே என்று, கோட்டுக்கு மேலே எடுத்து வைத்தேன்.